புதினாத் தொட்டிக்குள் ஒரு பூச்சி உலகம்

புதினாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தால், மண்ணிலிருந்து நாலைந்து கருப்புப் பூச்சிகள் எழும்பி மூக்கருகே சுற்றும். கொசுவைவிடச் சிறியவை, இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இவை கடிப்பதுமில்லை, இலையைத் தின்பதுமில்லை. செடியைத் தட்டும்போது இலைகளுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் பறப்பவை வெள்ளை ஈக்கள். அவை இலைச்சாற்றை உறிஞ்சும் வேறு இனம். மண்ணைவிட்டு அதிகம் விலகாத கருப்புப் பூச்சி என்றால், பெரும்பாலும் அது சியாரிடே குடும்பத்தைச் சேர்ந்த பிராடிசியா.

பறக்கும் பூச்சியின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் பெண் பூச்சி ஈர மண்ணில் நூற்றுக்கும் மேல் முட்டையிட்டுவிடும். புழுக்கள் கண்ணாடிபோல் வெளுத்திருக்கும். தலை மட்டும் பளபளக்கும் கருப்பு. மேல்மண்ணின் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் பூஞ்சை, பாசி, மக்கும் குப்பை ஆகியவற்றைத் தின்று இரண்டு வாரம் வளரும். கூட்டம் பெருகினால் புதினாவின் மெல்லிய வேர்த்தூவிகளிலும் வாய்வைக்கும்.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. வேர் போன செடி வாடும். வாடிய செடியைப் பார்த்தால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். அரிசி கழுவிய தண்ணீரும் வடிகட்டிய டீத்தூளும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தில் பூஞ்சை செழிக்க, பூஞ்சையால் புழு செழிக்கும். செடியின் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் மண்ணுக்குள் இருக்கும் புழுவை அது எட்டாது. பச்சையாகவே அரைத்து உண்ணும் இலையில் பூச்சிமருந்து அடிக்கவும் கூடாது.

இந்த அற்பப் பூச்சிக்கு அறிவியலில் பெரிய இடம் உண்டு. பிராடிசியா கோப்ரோபிலா என்ற இனத்தில் சில பெண் பூச்சிகளுக்குப் பெண் குஞ்சுகள் மட்டுமே பிறக்கும். மற்றவற்றுக்கு ஆண் மட்டுமே. ஆண் பூச்சி விந்தணுக்களை உருவாக்கும்போது, தன் தந்தையிடமிருந்து பெற்ற வழக்கமான குரோமோசோம்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தாய்வழி வந்தவற்றையே பிள்ளைகளுக்குத் தருகிறது. எது தாய்வழி, எது தந்தைவழி என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? பெற்றவரின் முத்திரை குரோமோசோமில் பதிந்திருக்கிறது என்று 1960-இல் ஹெலன் குரூஸ் என்ற மரபியலாளர் இந்தப் பூச்சியை ஆராய்ந்து சொன்னார். மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளிலும் சில மரபணுக்கள் இப்படி முத்திரை தாங்கியிருப்பது பிற்பாடு தெரியவந்தது. நாம் கையை வீசி விரட்டும் பூச்சியில் முதலில் பிடிபட்ட உண்மை அது.

சரி, தொட்டிக்கு வருவோம். முதல் வேலை மேல்மண்ணைக் காயவிடுவது. புதினாவுக்கு ஈரம் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஈரம் வேர்ப்பகுதியில் இருந்தால் போதும். ஓட்டையுள்ள தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் அரை மணி நேரம் வைத்தால் மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தட்டில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிட வேண்டும். புழு இருக்கிறதா என்று அறிய, பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் இரண்டு நாள் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். இருந்தால் அடியில் வந்து மொய்த்திருக்கும். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பவற்றைப் பிடிக்கும். புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

புழுவுக்கென்றே ஒரு பாக்டீரியா இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையில் கண்டெடுக்கப்பட்டது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது பெயர், சுருக்கமாக பி.டி.ஐ. இதற்குள் ஒரு புரதப் படிகம் இருக்கிறது. கொசுவும் பிராடிசியாவும் உறவுக்காரர்கள். இரண்டின் புழுக் குடலும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, நஞ்சாகிக் குடல்சுவரில் துளையிடுகிறது. நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அங்கே இந்த வேலை நடக்காது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் கொசு ஒழிப்புக்காக இந்த பாக்டீரியாவின் வகை ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

பி.டி.ஐ. தூளை நீரில் கரைத்து மண்ணில் ஊற்றுவார்கள். முட்டையையும் கூட்டுப்புழுவையும் பறக்கும் பூச்சியையும் அது தொடாது. தின்னும் புழுவை மட்டுமே கொல்லும். அதனால் ஒருமுறை ஊற்றிவிட்டு, மறுநாளும் பூச்சி பறக்கிறதே என்று கைவிட்டுவிடக் கூடாது. முட்டையிலிருந்து பூச்சிவரை ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும். செடி அதற்குள் மிகவும் நலிந்துவிட்டால், நல்ல தண்டுகள் நாலைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு வேர் விடச் செய்து, புது மண்ணில் நட்டுக்கொள்ளலாம்.