முழங்காலும் ஆட்டுக்காலும்

சேலையூர் வீட்டு மாடிப்படியில் வழுக்கினேன். முழங்கால் 'கடக்' என்றது.

"ஆட்டுக்கால் சூப் குடிங்க சார், காலுக்குக் கால் போய்ச் சேர்ந்துரும்!" என்றார் தாம்பரம் தள்ளுவண்டிக்காரர். ஒரு மாசம் விடாமல் குடித்தேன். பர்ஸ் இளைத்தது, வலி அப்படியே இருந்தது. டாக்டர், "ஏன் முன்னாடியே வரலை? ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று கடுகடுத்தார்.

சூப்பின் பிசுபிசுப்பு, எலும்பிலும் ஜவ்விலும் இருக்கும் கொலாஜன் என்கிற புரதம் வெந்து கரைந்ததுதான். அதன் வடிவத்தை 1954-ல் உலகத்துக்குச் சொன்னவர்கள் நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் தசைநாரில் (ஆடு கிடைக்கலையா என்று கேட்காதீர்கள்!) எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். முப்புரிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட மூன்று இழைகள்!

அந்தக் கயிறு அப்படியே என் முழங்காலுக்குப் போகாதோ? வயிறு விடாது ஸார். அமினோ அமிலங்களாக உதிர்த்துவிடும். பி.காம். பாஷையில் சொன்னால், பேங்கில் போட்ட அதே நோட்டா திரும்பி வருகிறது? செல்லுக்குள் ரைபோசோம் என்றொரு கேஷியர். ஆர்.என்.ஏ. சீட்டில் எழுதியிருக்கிற வரிசையில்தான் அமினோ அமிலங்களைக் கோக்கும். அது ஆடு தந்ததா, சுண்டல் தந்ததா என்று பார்க்காது. தவிர, ட்ரிப்டோஃபன் என்கிற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையவே கிடையாது. சூப்பை மட்டும் நம்பினால் கணக்கு டேலி ஆகாது. சுமார் 6 கிராம் புரதமுள்ள ஒரு முட்டையில் அதுவும் உண்டு.

தள்ளுவண்டிக்காரரிடம் இத்தனையும் ஒப்பித்தேன். "கொலாஜன் கயிறு உறுதியா நிக்க வைட்டமின் சி-யும் வேணும்ணே" என்று முடித்தேன்.

"அப்ப எலுமிச்சம்பழம் கூடக் கொஞ்சம் பிழியட்டுமா சார்?" என்றார்.