நெடுங்கரையும் குடமுருட்டியும்

நாவல் என்பது ஒரு விந்தையான வாகனம். ஆசிரியர் நம்மை ஓர் ஊருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லித்தான் ஏற்றிக்கொள்கிறார். ஆனால் போய் இறங்கிப் பார்த்தால், அது நாம் பிறந்து வளர்ந்த ஊராக இருக்கிறது!

அண்மையில் கல்கியின் "தியாக பூமி"யை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1938-39-இல் ஆனந்த விகடனில், சினிமாப் படக்காட்சிகளுடன் தொடராக வெளிவந்த கதை அது. கே. சுப்ரமணியம் எடுத்த திரைப்படத்தில் பாபநாசம் சிவனே சம்பு சாஸ்திரியாக நடித்தார். 1939-இல் வெளியான அந்தப் படத்துக்கு மறு வருஷமே பிரிட்டிஷ் சர்க்கார் தடை விதித்தது. கோடை, மழை, பனி, இளவேனில் என்று நாவலில் நான்கு பாகங்கள். சம்பு சாஸ்திரியின் ஊராகிய நெடுங்கரை கற்பனை ஊர்தான். ஆயினும் முதல் சில அத்தியாயங்களைத் தாண்டுவதற்குள் எனக்கு அது பாபநாசமாகவே மாறிவிட்டது. அங்கே ஓடும் நதியும் குடமுருட்டிதான் என்று என் மனம் தீர்மானித்துவிட்டது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் காவேரியிலிருந்து பிரிந்து வரும் ஆறு குடமுருட்டி. குடங்களை உருட்டிக்கொண்டு போகும் வேகம் அதற்கு இருந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கோடையிலோ அது வெறும் மணல்வெளி. ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் சிறுவர்களாகிய எங்களுக்கு வேறு வேலையே ஓடாது. தினந்தோறும் பாலத்தின் மேல் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள், சருகும் நுரையும் முன்னே வர, பாம்பு ஊர்வதுபோல் புதுத் தண்ணீர் மணலில் ஊர்ந்து வரும். அதன் கூடவே கரையோரமாக நாங்களும் ஓடுவோம். ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் சித்திரான்னமும் காதோலை கருகமணியுமாக ஒரே கோலாகலம். திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று கூம்பு வடிவில் நிற்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். இந்த ஆற்றுத் தண்ணீருக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

இப்படி இனிமையாக மிதந்துகொண்டிருந்த என்னை, நாவலில் வரும் புயலும் மழையும் தடுத்து நிறுத்தின. சேரிக் குடிசைகள் வெள்ளத்தில் போய்விடுகின்றன. சம்பு சாஸ்திரி அந்த ஜனங்களைத் தம் மாட்டுக்கொட்டகையில் தங்க வைக்கிறார். அதற்காக அக்கிரகாரம் அவரைச் சாதிப்பிரஷ்டம் செய்கிறது. அதைப் படித்ததும், நாற்பது வருஷங்களுக்கு மேல் நினைவுக்கே வராத ஓர் இரவு எதிரே வந்து நின்றது.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்துப் பக்கம் கரை கடந்த புயல் தஞ்சை ஜில்லாவையே உலுக்கியது. எனக்கு அப்போது பதினோரு வயது. அன்றிரவு குடிசை இழந்த நாலைந்து குடும்பங்கள் எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து நின்றன. வீட்டில் பெரியவள் பாட்டிதான். விகடனிலிருந்து கிழித்துத் தைத்த "தியாக பூமி"யை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தவள் அவள். சம்பு சாஸ்திரிக்காகப் பலமுறை கண்ணீர் விட்டவள். ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு லாந்தரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையின் படலைத் திறந்துவிட்டாள். பெரிய வெண்கலப் பானையில் கஞ்சி காய்ச்சினாள்.

ஆனால் அந்தக் கஞ்சி வந்தவர்களுக்கு வாழை இலைத் தொன்னையில்தான் போயிற்று. வீட்டுப் பாத்திரம் ஒன்றுகூடப் படி தாண்டவில்லை. குளிரில் நடுங்கிய என் வயதுச் சிறுவன் ஒருவன் தாழ்வாரத்தில் கால் வைத்தபோது, "அங்கேயே நில்லுடா, குழந்தே!" என்றாள் பாட்டி. "குழந்தே" என்ற சொல்லிலே கனிவு இருந்தது. "அங்கேயே நில்" என்பதிலே நூற்றாண்டுகள் இருந்தன.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் ஹரிஜன சகோதரர்கள் பிரவேசித்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. கோயில் கதவு திறந்து முப்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகும் எங்கள் தாழ்வாரம் திறக்கவில்லை! பாட்டியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கதை அவளைக் கொட்டகை வரையில் அழைத்துப் போயிற்று. அந்த நாவல் இல்லாவிட்டால் படலும் திறந்திருக்குமா என்பது சந்தேகமே. மீதித் தூரத்தை நடக்க வேண்டியவர்கள் பின்னால் வந்த நாங்கள்.

ஊர் ஞாபகம் என்றால் புதுத் தண்ணீரும் ஆடிப்பெருக்கும் மட்டும் தாமாக மேலே மிதந்து வருகின்றன. அடியில் கிடப்பதைக் கிளறிவிட ஒரு வெள்ளம் வேண்டியிருக்கிறது. நல்ல நாவல் அந்தக் காரியத்தைச் செய்கிறது. வெள்ளத்தோடு வரும் வண்டலைக் கண்டு எந்தக் குடியானவனும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த போகம் விளைவது அதிலேதான் என்று அவனுக்குத் தெரியும்.