வாரம் இருபது ரூபாய்: ஒரு கிராம மகளிர் குழுவின் ஆண்டுக் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து நம் காக்ஸ் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களும், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் பெண்களும் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: "ஊர்ல குழுக் கூட்டம் இருக்குதுங்க, போய்ட்டு வரணும்." கல்யாணம், காதுகுத்து போல இதற்கும் லீவு கேட்கிறார்கள். அந்தக் குழுவில் அப்படி என்னதான் நடக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நான் வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்தில் பிறந்தவன், பாத்திர வியாபாரி. பட்டம் பெற்ற பொருளாதார அறிஞன் அல்லன். ஆனால் நாள்வழியும் பேரேடும் நாற்பது ஆண்டுகளாக என் கையில் புழங்குபவை. அந்தப் பழக்கத்தோடு இந்தக் குழுக்களின் கணக்கைப் பார்த்ததில் எனக்குப் பட்டதை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பிறந்த கதை

இந்தக் கதையில் நம் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்னும் தொண்டு நிறுவனம், 1980களின் நடுவில் கர்நாடகக் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுத்து வந்தது. அவற்றில் சில தலைவர்கள் மேல் நம்பிக்கை போய் உடைந்தன. உடைந்த பிறகு மக்கள் சிறு சிறு கூட்டமாக வந்து, "வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறோம், ஆனால் அந்தச் சங்கத்திடம் தரமாட்டோம்" என்றார்கள். "அப்படியானால் உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றுங்கள்" என்றது மைராடா. ஒருவரை ஒருவர் அறிந்த 15, 20 பேர் சேர்ந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்பது அங்கே கற்ற பாடம். 1987இல் நபார்டு வங்கி இந்த முயற்சிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது.

தமிழ்நாட்டில் 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989இல் ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் உருவாயின. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் இன்றைய கிருஷ்ணகிரியும் அடக்கம். 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்யாத ஒரு குழு, தன் பெயரிலேயே வங்கியில் கணக்குத் தொடங்கலாம் என்றது பெரிய மாற்றம். 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டம் தமிழகம் முழுவதும் பரவியது. கர்நாடகத்தில் ஸ்த்ரீ சக்தி 2000இல் வந்தது.

தை முதல் மார்கழி வரை

உண்மையான ஒரு குழுவின் பெயரைச் சொன்னால் அந்தப் பெண்களின் கடன் விவரம் ஊரறியப் போய்விடும். ஆகவே தருமபுரிப் பக்கத்துப் புன்செய்க் கிராமம் ஒன்றில் 16 பேர் கொண்ட புதுக் குழுவாகக் கற்பனை செய்துகொள்வோம். சேமிப்பு ஆளுக்கு வாரம் 20 ரூபாய். இன்று பல குழுக்களில் தொகை இதைவிடக் கூடுதல். கணக்கு எளிதாக இருக்க இந்தப் பழைய தொகையையே வைத்துக்கொள்கிறேன்.

தையில் அறுப்புக் கூலி கையில் இருக்கும். குழு தொடங்க நல்ல காலம். வாரத்துக்கு 320 ரூபாய் சேரும். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என்று தேர்ந்தெடுப்பார்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்பு ஏடு, கடன் ஏடு, ரொக்கப் புத்தகம் ஆகியவை எழுதப்படும். ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புக் உண்டு.

மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம். எட்டு வாரத்தில் 2,560 ரூபாய் சேர்ந்திருக்கும். நான்கு பெண்கள் ஆளுக்கு 600 கடன் வாங்கி, ஓட்டுப் புளியை வாங்கிவந்து உடைத்து, கொட்டை எடுத்து விற்பார்கள். வட்டி ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நோட்டு, சீருடை, பஸ் பாஸ் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். குழுவுக்கு முதல் சோதனை இதுதான். பெட்டியில் ஏழாயிரம் இருந்தால் கேட்பது பன்னிரண்டாயிரம். யாருக்கு முதலில் என்பதை அந்த 16 பேரே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். சண்டை வரும். வந்தால்தான் அது குழு!

ஆடியில் விதைப்பு. ஆறு மாதம் முடிந்தபடியால் வங்கிக்காரர்கள் வந்து தர மதிப்பீடு செய்வார்கள். கூட்டம் ஒழுங்காக நடந்ததா, வருகை எப்படி, கடன் திரும்பியதா, கணக்கு எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் சேமிப்புக்குச் சமமாகவோ, நான்கு மடங்கு வரையிலோ கடன் கிடைக்கும். 26 வாரச் சேமிப்பு 8,320 ரூபாய். நான்கு மடங்கு 33,280. சொத்துப் பத்திரமோ நகை அடமானமோ வேண்டாம். அந்த ஏடுகளே ஜாமீன்.

ஐப்பசியில் தீபாவளிச் செலவு. கார்த்திகை மழையில் கூலி வேலை குறையும், காய்ச்சல் கூடும். உறுப்பினர் சிலர் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிடுவார்கள். வராதவருக்கு அபராதம் உண்டு; ஆகவே மாமியாரிடமோ ஓரகத்தியிடமோ சேமிப்பைக் கொடுத்தனுப்புவார்கள். மார்கழிக் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடித்து எல்லோர் முன்பும் வாசிப்பார்கள். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் விதி.

கணக்குப்படி என்ன லாபம்?

52 வாரத்தில் சேமிப்பு 16,640 ரூபாய். ஆண்டு முழுக்கச் சராசரியாக 7,000 ரூபாய் கடனில் சுற்றியது என்றால் வட்டி வருமானம் 1,680. ஆக மொத்தம் 18,320. தலைக்கு 1,145 ரூபாய். போட்டது 1,040, கூடியது 105. ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றலாம்.

ஆனால் இதோடு தண்டலை ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டல்காரர் ஆயிரம் என்று எழுதிக்கொண்டு 900 கொடுப்பார். தினம் 10 ரூபாயாக நூறு நாள் வசூல். பார்வைக்கு நூறு ரூபாய்தான் வட்டி. அசல் நாளுக்கு நாள் குறைவதால் சராசரியாக அவள் கையில் இருந்தது 450 ரூபாய்தான். நூறு நாளைக்கு 450க்கு 100 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம்! குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஆண்டுக்கு 24 சதவீதம். அந்த வட்டியும் வெளியே போகாது. கட்டுபவளும் அவளே, பங்கு வாங்குபவளும் அவளே.

கல்லில் எழுதிய கணக்கு

இது நம் நாட்டுக்குப் புதிதா என்றால், முழுக்கப் புதிது என்று சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். அறத்துக்கு வைத்த காசு ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுக்கப்பட்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது பன்னிரண்டரை சதவீத வட்டி, என்று விதிக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கவர்வது வட்டி விகிதத்தைவிட அது பொறிக்கப்பட்ட இடம்தான். யார் வைத்தது, யார் பெற்றது, என்ன கட்ட வேண்டும் என்பதெல்லாம் வருகிறவர் போகிறவர் பார்க்கக் கோயில் கல்லில் இருக்கிறது. பொதுப் பணத்துக்குப் பொதுக் கணக்கு. எழுத்தறியாத பெண்ணும் இருக்கிற குழுவில், கணக்கை உரக்க வாசிப்பது அதே வேலையைச் செய்கிறது. ஏன்னா, படிக்கத் தெரியாதவளுக்கும் தன் கணக்கு மனசுல இருக்கும். தப்பா வாசிச்சா உடனே கேட்பாள்.

சிக்கல் எங்கே?

இன்று "குழுக் கடன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று மேலே சொன்ன சுய உதவிக் குழு. மற்றது நுண்கடன் கம்பெனிகள் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. இரண்டிலும் பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள்; பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவதில் சொந்தச் சேமிப்பு முதல் கிடையாது. கணக்கு கம்பெனிக்காரரின் கையில். வட்டி ஊரை விட்டுப் போய்விடும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். கூட்டுப் பொறுப்பு மட்டும் இருக்கிறது. கூட்டு உரிமை இல்லை.

ஒரே பெண் மூன்று நான்கு கம்பெனிகளில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போனால் முடிவு என்ன ஆகும் என்பதை 2010இல் ஆந்திரம் கண்டது. வசூல் கெடுபிடியும் தற்கொலைச் செய்திகளும் வந்து, அரசு அவசரச் சட்டம் போட்டது. நம் கர்நாடகமும் 2025 பிப்ரவரியில் இதே காரணத்துக்காக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாடும் சட்டம் இயற்றியது.

நல்ல குழுவும் இந்த வழியில் சரியலாம். ஊக்குநர் ஒருவரே பல ஆண்டு நீடிப்பது, ஏடுகளை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வது, கூட்டம் இல்லாமல் கையெழுத்து மட்டும் வீடு தேடி வருவது, இவை நோயின் அறிகுறிகள். வங்கிக் கடன் பெரிதாகப் பெரிதாக வாரம் இருபது ரூபாய் அற்பமாகத் தெரியும். அந்த இருபது நின்ற நாளில் கூட்டம் நிற்கும், கூட்டம் நின்றால் வாசிப்பும் நிற்கும். பிறகு மிஞ்சுவது கடன் மட்டும்.

நம்மால் ஆவது என்ன? நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடமோ, ஊரிலுள்ள நம் உறவுப் பெண்களிடமோ மூன்று கேள்வி கேட்கலாம். உங்க பாஸ்புக் யார் கையில இருக்கு? போன கூட்டத்துல கணக்கு வாசிச்சாங்களா? பிரதிநிதியை எப்ப மாத்தினீங்க? பதில் தயங்கி வந்தால், உட்கார்ந்து அந்தப் பாஸ்புக்கை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். கூட்டத்துக்கு ஊருக்குப் போகணும் என்று லீவு கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுங்கள். அந்த ஒரு நாளைக்கு அவள் தன் சொந்த வங்கியின் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிறாள்.