தீவிலிருந்து தீவுக்கு

பசிபிக் மாக்கடலில் தாஹிட்டி, போரா போரா முதலிய தீவுகளிடையே செல்வந்தர்கள் சொந்தப் பாய்க்கப்பலில் உலா வருகிறார்கள். அந்தப் படங்களைக் கண்டு ஏங்கும் நாம், நம் வாசலிலேயே ஒரு தீவுமாலை கிடப்பதை மறந்துவிடுகிறோம்.

வாருங்கள் தோழியரே, வரைபடத்தை விரித்துத் தோணி ஏறுவோம்! தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். நம் ஊருக்கு அருகே வான் தீவு, காசுவார், விலங்குசல்லி, காரைச்சல்லி என நான்கு. அடுத்து வேம்பாரை ஒட்டி மூன்று. கீழக்கரைப் பக்கம் ஏழு. மண்டபம் பக்கம் ஏழு.

ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைகின்றன. விலங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. ஏன்? பவளப்பாறையே தீவுக்கு மதில். அலை அதில் மோதித் தளர்ந்த பின்பே கரையைத் தொடும். அந்தப் பாறையைப் பல்லாண்டுகளாகப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுவந்தோம். மதில் போனபின் மணல் நிற்குமா? வான் தீவும் கரைந்து சுருங்கியது. 2015 முதல் அதன் முன்னே கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணிக்கிறார்கள்.

இக்கடலின் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. தீவுகளும் அவ்வாறு பழங்கதை ஆகிவிடாதிருக்க, 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்கலாகாது. நம் உலா வரைபடத்தோடு நிற்பதில் வருத்தமில்லை.

பழைய வீட்டுச் சுவரில் துளைதுளையான வெண்கல்லைக் கண்டால் சற்றே தொட்டுப் பாருங்கள். நாம் தொடுவது ஒரு தீவின் மதிலை!