அங்கன்வாடிக்கு இன்னோர் ஆள்

அங்கன்வாடியில் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லித்தருவதில்லை. சோறு போட்டுத் தூங்கவைத்து அனுப்புகிறார்கள். ஊருக்கு ஊர் கேட்கும் குறை இது. கூலி வேலைக்குப் போகிறவர்கள்கூட வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து, பிள்ளையை வேனில் ஏற்றித் தனியார் எல்.கே.ஜி.க்கு அனுப்புவது இதனால்தான். குறையில் உண்மை இருக்கிறது. பழி டீச்சர் தலையில் விழுவதில்தான் நியாயமில்லை.

காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு மையத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாயில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். டீச்சர் கைதட்டிப் பாட்டை ஆரம்பிப்பார். இரண்டாவது அடி வருவதற்குள் சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வாசலில் நிற்பார். மாவுப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. செல்போனில் 'போஷண் டிராக்கர்' செயலியைத் திறந்து, வந்தவரின் முகத்தைப் படம் பிடித்துப் பதிய வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் வெளியே போய்த்தான் நிற்க வேண்டும். திரும்பி வந்தால் எடை பார்க்கத் தூக்கிவந்த கைக்குழந்தை தராசில் கிடந்து வீறிடும். தடுப்பூசிப் பட்டியலைக் கேட்டுக் கிராம செவிலியர் வந்து நிற்பார். ஆயாம்மாவை உதவிக்குக் கூப்பிட முடியாது. அவர் அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருப்பார். பாயில் இருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் வாசற்படிக்கு வந்திருப்பார்கள்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளி செல்லும் முன்னான பருவத்தைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அறிக்கை தந்தது. ஊட்டம், உடல்நலம், கற்றல் மூன்றையும் பிரிக்காமல் பார்க்க வேண்டும் என்ற அதன் எண்ணம் சரியானது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு பணிகள். அறிக்கையில் ஒருங்கிணைந்தவை நடைமுறையில் ஒரே பெண்ணின் தலையில் வந்து ஒருங்கிணைந்தன. அவர் பெறுவது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். பணிக்கொடை பெற இவர்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

ஆறில் எதை விட்டால் கேள்வி வராதோ அதுதான் முதலில் விடுபடும். சத்துமாவுக் கணக்கு பிசகினால் மெமோ வரும். எடை பதியாவிட்டால் மேற்பார்வையாளர் போன் செய்வார். கதை சொல்லாத நாளுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இங்கேதான் நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே ஓர் அரைநாள் ஊழியர். மற்ற பாதி இருந்தபடியே இருந்தது. புதுக் கட்டடம் இல்லை, கணினி இல்லை, ஓர் ஆள் மட்டும்தான் கூடுதல்.

பிள்ளைகள் கற்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துச் சோதித்தபோது, மையத்தில் தொடர்ந்திருந்த பிள்ளைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவு முன்னேறியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் 0.2 கிடைத்தாலே நல்ல பலன் என்று எழுதுவார்கள். மையத்தை விட்டுப் போன பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் வைத்துச் சோதித்தபோது இந்த ஆதாயம் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

எனக்கு இதைவிட வியப்பான முடிவு ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. பாட்டும் எழுத்தும் சொல்லித்தரத்தான் ஆள் போட்டார்கள். ஆனால் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும், கடும் ஊட்டக்குறை உள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். மர்மம் ஒன்றுமில்லை. கற்பிக்கும் பொறுப்பு கை மாறியதும், ஊட்டச்சத்து வேலையையும் பதிவேட்டு வேலையையும் பழைய டீச்சரால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி' 2024இல் இதை வெளியிட்டது. பொருளியலில் அதற்கு மேல் மதிப்புள்ள இதழ்கள் மிகச் சிலவே.

அரசு எடுத்த வழி வேறு. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. மாநிலத்தின் 54,439 மையங்களில் இது ஐந்து விழுக்காடுகூட இல்லை. தொடக்கப் பள்ளிக்கென்று பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். பலர் மனமில்லாமல்தான் போனார்கள். 2022இல் அவர்களைப் பள்ளிகளுக்கே திருப்பி அழைத்ததும் வகுப்புகள் மூடப்படுகின்றன என்று எதிர்ப்புக் கிளம்பியது. உடனே 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக சிறப்பாசிரியர்களை வைத்து வகுப்பைத் தொடர்வதாக அரசு அறிவித்தது. யாரும் திட்டமிடாமலே, ஆய்வு சொன்னதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டோம்! ஆனால் எல்.கே.ஜி. என்ற பெயரோடு நோட்டும் பென்சிலும் வந்துவிடுகின்றன. மூன்று வயதுக்கு அவை தேவையில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அங்கன்வாடிகளுக்கென்றே நல்ல பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆடவும் பாடவும் கூட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் சறுக்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் உரிமை தருகிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு 11ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. அதே சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அந்தப் பிள்ளை தெருமுனை அங்கன்வாடியிலேயே இருந்தால் அதற்காகக் கூடுதலாக ஓர் ஆள் கிடையாது.

இரண்டாவது ஆளைப் பற்றிப் பேசும்போது முதல் ஆளின் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் அரசு நிரப்புவதாக அறிவித்த காலியிடங்கள் 7,783. அதில் அங்கன்வாடிப் பணியாளர்கள் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர்கள் 305, உதவியாளர்கள் 3,592. காலியாகக் கிடந்த மையங்களை அதுவரை பக்கத்து ஊர் டீச்சர்கள்தான் 'கூடுதல் பொறுப்பு' என்று சேர்த்துப் பார்த்துவந்தார்கள்.