கண்ணுக்குத் தெரியாத மையில் ஒரு கூட்டணி

1776 மார்ச். பிரிட்டனை எதிர்த்துப் போராடிய அமெரிக்கக் குடியேற்றங்களிடம் வெடிமருந்து போதவில்லை. பிரிட்டனின் பழைய பகையாளி பிரான்ஸ். அதனிடம் உதவி கேட்க, சைலஸ் டீன் என்பவரை வியாபாரி வேடத்தில் அனுப்பினார்கள். ஆனால் அவர் எழுதும் கடிதங்கள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ரோந்து வரும் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டுமே!

வழி கண்டவர் ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர். எலுமிச்சைச் சாற்றில் எழுதி நெருப்பில் காட்டிப் படிப்பது ஊரறிந்த வித்தை. ஒற்றரும் முதலில் அதைத்தான் சோதிப்பார்கள். ஜேயின் முறைக்கு இரண்டு திரவங்கள் தேவை. ஒன்றால் எழுதினால், காய்ந்தபின் வெறும் தாள்தான் தெரியும். உருத்துலக்கி, அதாவது மறைந்த எழுத்தை வெளிக்கொணரும் இரண்டாவது திரவம், பட்டால்தான் எழுத்து எழும்.

செய்முறையை ஜே வெளியிடவில்லை. மாசிக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு சல்பேட்டும்தான் அந்த இரண்டு திரவங்களில் இருந்தன என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். இரண்டும் தனித்தனியே வெளிறிய கரைசல்கள். கலந்ததும் டானின் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கருநீலமாகிறது.

டீனின் கடிதங்களில் கறுப்பு மையில் 'திமோதி ஜோன்ஸ்' என்பவரின் வணிகச் சேதி இருக்கும். மிச்சமுள்ள வெற்றிடத்தில்தான் ரகசியம். உருத்துலக்கி, அமெரிக்காவில் ஜேம்ஸின் தம்பி ஜான் ஜேயிடம் இருந்தது.

பிரான்ஸும் மறைந்தே உதவியது. நாடகாசிரியர் பொமார்ஷே, பெயரளவில் ஒரு வணிக நிறுவனம் தொடங்கினார். அதற்கு பிரான்ஸும் ஸ்பெயினும் ஆளுக்கு 10 லட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தன. துப்பாக்கியும் வெடிமருந்தும் கடல் கடந்தன. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே அமெரிக்கர்களிடம் சரணடைந்தது. அதன்பின் பிரான்ஸ் ஒளியவில்லை. 1778 பிப்ரவரி 6 அன்று கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. பாரிஸில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு அருகிலேயே வேலை பார்த்த எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் ஒற்றர். சாயங்களை ஆராய்ந்த விஞ்ஞானியும்கூட! காதல் கடிதங்களின் வரிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மையில் உளவுச் செய்தி எழுதி, குப்பியில் அடைத்து, டியூலரிஸ் தோட்டத்து மரப்பொந்தில் போட்டுவிடுவார். ஒப்பந்தச் செய்தியும் உடனுக்குடன் லண்டன் போய்ச் சேர்ந்தது. ஆனால் பங்குச் சந்தையில் சூதாடும் பான்கிராஃப்டை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நம்பவில்லை.

வேதியியல் காத்த ரகசியத்தை உள்ளிருந்தவரே விற்றார். வாங்கியவர்களுக்கோ அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. பான்கிராஃப்டின் துரோகம் உலகுக்குத் தெரியவந்தது 1889-இல்தான்.