மாரடைப்பு: பழக்கத்தின் பிழையா, பாகுபாட்டின் விளைவா?

மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவரிடம் கேட்கப்படும் கேள்விகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. புகைபிடிப்பீர்களா? மது அருந்துவீர்களா? சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா? கேள்விகள் தேவையானவையே. ஆனால், பதில்கள் நோயாளியின் குறிப்பேட்டில் ஏறியதும் நோய்க்கான முழுப் பழியும் அவர் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. இந்தப் பழியைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்துகிறோம்.

ஆபத்துக் காரணிகள் கற்பனையல்ல. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தின் மிகப் பெரும்பகுதி 9 காரணிகளோடு தொடர்புடையது எனக் காட்டியது. புகைப்பழக்கம், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு மனஅழுத்தமும் காய்கனிகளைப் போதிய அளவு உண்ணாமையும் அப்பட்டியலில் உள்ளன. கூலியும் குடியிருப்பும் அன்றாட அவமதிப்பும் தீர்மானிக்கும் இவற்றைத் தனிமனிதரின் தேர்வு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

மருத்துவமனைக்குள் நிகழ்வது இன்னும் கவனத்திற்குரியது. இந்தியாவின் 50 நகரங்களில் மாரடைப்பு முதலிய தீவிர இதய நோயுடன் சேர்க்கப்பட்ட 20,468 நோயாளிகளைப் பற்றிய கிரியேட் ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. அவர்களில் 40 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்கள்; 38 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம்; 30 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறந்த விகிதம் வசதி படைத்தோரிடம் 5.5 விழுக்காடு, ஏழைகளிடம் 8.2 விழுக்காடு.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? கொழுப்பைக் குறைக்கும் மருந்து வசதியுள்ளோரில் 61 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 36 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முறையோ 15 விழுக்காட்டினருக்கு எதிராக வெறும் 2 விழுக்காடு. சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டுச் சரிசெய்தபோது இறப்பு வேறுபாடு மறைந்தது. ஆபத்துக் காரணிகளைக் கணக்கிட்டுச் சரிசெய்தபோது மறையவில்லை. ஏழைகள் கூடுதலாக இறந்தது பீடியால் அல்ல, மறுக்கப்பட்ட மருத்துவத்தால் என்பதே இதன் பொருள்.

கிரியேட் ஆய்வு வர்க்கத்தைக் கண்டது, சாதியைக் காணவில்லை. ஆனால், வறுமையை மட்டும் கொண்டு சாதியின் சுமையை அளந்துவிட முடியாது. 9 மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உயர்சாதி இந்துக்களைவிட தலித் மக்களின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேலும், ஆதிவாசிகளின் ஆயுட்காலம் 4 ஆண்டுகளுக்கு மேலும் குறைவு. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. வேலைநாளின் கூலியை இழந்து மருத்துவமனையில் வரிசையில் நிற்கவேண்டிய நிலையை இது மாற்றக்கூடும். அந்த மாத்திரைகள் ஊரோடு நின்றுவிடாமல் சேரிக்கும் மாதந்தோறும் சென்று சேர்கின்றனவா? மாரடைப்பு வந்த தலித் நோயாளி எத்தனை மணி நேரத்தில் உரிய சிகிச்சை பெறுகிறார்? இவற்றைச் சாதிவாரியாகப் பதிந்து வெளியிடுமாறு அரசைக் கோருவது நமது உடனடிக் கடமை. கணக்கில் வராத மரணத்திற்கு நீதி கேட்க இயலாது.